ஒச்சாயி பார்த்த தண்ணீர்

பழங்காநத்தத்தில் அந்தத் தெருவுக்கு ஒச்சாயி வர ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியும், அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் கொசுக்காரம்மா. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவாக்கில் தோளில் ஒரு பை, கையில் ஒரு டார்ச்சு என்று தெருமுனையில் தலை தெரியும். வீடு வீடாக நுழைந்து டிரம், தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர், பூந்தொட்டித் தட்டு என்று ஒன்று விடாமல் வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். கொசுப்புழு நெளிந்தால் கவிழ்த்துவிடச் சொல்வாள். நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரைக் கவிழ்க்க யாருக்கு மனசு வரும்? அந்த வீடுகளில் மருந்தை ஊற்றிவிட்டு, கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு நகர்வாள்.

சில வீடுகளில் கதவைப் பாதி திறந்துகொண்டு, "இப்பத்தானே வந்துட்டுப் போனே?" என்பார்கள். மாடி வீட்டுக்காரர் ஒருவர், "எங்க வீட்டுக் கொசுவெல்லாம் உன்னத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சு, வா வா" என்று கிண்டல் பண்ணுவார். ஒச்சாயி சிரித்துக்கொள்வாள். பதில் பேச மாட்டாள். பேசினாலும் அந்தக் குரல் எதிரில் நிற்பவருக்குப் பாதிதான் வந்து சேரும்.

ஹம்சவேணி வீட்டில் அவளுக்கு வேலையே இருக்காது. ஹம்சவேணி அப்படிப்பட்டவள். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் மூடி, மூடி மேல் துணி, துணியைச் சுற்றி நூல். வீட்டுக்குள் சௌராஷ்டிரப் பேச்சு, வாசலுக்கு வந்தால் தமிழ், இரண்டிலும் சுத்தத்தைப் பற்றியே பேசுவாள் என்று அவள் கணவர் துளசிராம் சொல்லிச் சிரிப்பார். அவருக்குக் காளவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்.

தண்ணீர் வருகிற நாளில் ஹம்சவேணி விடியுமுன் எழுந்து தலைக்குக் குளித்துவிடுவாள். குழாய் முதலில் காற்றைத்தான் விடும். உஸ்ஸென்று இரைந்து, இருமி, அப்புறம் தண்ணீரைக் கக்கும். மற்ற வீடுகளில் அந்தத் தண்ணீரைக் கக்கூஸ் வாளியிலும் துவைக்கிற தொட்டியிலும் பிடிப்பார்கள். ஹம்சவேணி வீட்டில் அது பெருமாளுக்கு. யார் கையும் படாத முதல் தண்ணீர். வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் கட்டி, செப்புக் குடத்தில் வடிகட்டிப் பிடித்து, பூஜை அலமாரிக்குக் கீழே வைத்துவிடுவாள். அதிலிருந்துதான் தினமும் ஒரு செம்பு எடுத்து, துளசியும் ஒரு துளி பச்சைக் கற்பூரமும் போட்டுப் படைப்பாள். அவள் மாமியார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். குடம் நிறைந்த பிறகே துளசிராம் மோட்டாரைத் தட்டுவார். தெருவில் மோட்டார் இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான்.

அந்த வருடம் பங்குனியில் மகள் பவதாரிணி பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தலைப்பிள்ளை. கோயம்புத்தூரில் வளைகாப்பு முடித்து ஏழாம் மாதத்தில் கூட்டி வந்தார்கள். வந்த மறுவாரமே தெருவில் மஞ்சள் காமாலை என்று பேச்சு எழுந்தது. முதலில் முனையில் மெஸ் நடத்துகிறவர் படுத்தார். அப்புறம் எதிர் வரிசையில் இரண்டு பிள்ளைகள்.

ஹம்சவேணி, மகள் குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு, ஆற்றி, தனிக் குடத்தில் ஊற்றி, அதற்குத் தனி டம்ளரும் வைத்தாள். வெளியில் மோர் கூடக் குடிக்கவிடவில்லை. பல் தேய்த்துக் கொப்பளிக்கவும் காய்ச்சின தண்ணீர்தான்.

"அம்மா, நான் பிள்ளை பெக்க வந்தேனா, ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தேனா?" என்பாள் பவதாரிணி.

"வாயாடாம குடி."

காலையில் பூஜை முடிந்ததும் மகளைக் கூப்பிட்டு, உள்ளங்கையைக் குழிக்கச் சொல்லி மூன்று முறை தீர்த்தம் கொடுப்பாள். மகள் அதைக் குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொள்ளும்போதுதான் ஹம்சவேணிக்கு மூச்சு சீராக வரும். ஆயிரம் ஜாக்கிரதைக்கும் மேலே இது ஒரு காவல் அல்லவா?

ஒரு செவ்வாய்க்கிழமை தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒச்சாயி வந்துவிட்டாள். பின்கட்டுத் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் கூடத்தின் ஓரத்தில் அப்படியே நின்றாள். செம்பையும் பார்த்தாள், அலமாரிக்குக் கீழே இருந்த குடத்தையும் பார்த்தாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா?" என்றாள் ஹம்சவேணி.

"முடிஞ்சுதும்மா."

அட்டையில் கையெழுத்து வைத்த பிறகும் அவள் போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பழைய சேலை ஏதாவது கேட்க வருகிறாள், கூச்சப்படுகிறாள் என்று ஹம்சவேணி நினைத்தாள். பீரோவில் இருக்கும் சுங்குடிச் சேலைகளில் எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கக்கூடத் தொடங்கிவிட்டாள். ஆனால் ஒச்சாயி, "வாரேம்மா" என்று படி இறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்து நின்றாள். பையும் இல்லை, டார்ச்சும் இல்லை.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை இல்லையே?"

"இல்லம்மா. சும்மாதான் வந்தேன்." பூஜை அலமாரிப் பக்கம் பார்த்தாள். "அந்தச் செம்புத் தண்ணி... அதையும் காச்சித்தான் குடுக்குறீகளா?"

ஹம்சவேணிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "தீர்த்தத்தையா? அடுப்பேறின தண்ணிய எந்த வீட்டுல பெருமாளுக்கு வைக்கிறாங்க? தொட்டியெல்லாம் பாத்து முடிச்சாச்சு, இப்பப் பெருமாள் செம்புல புழு பாக்க வந்துட்டியாக்கும்!"

"புழு இல்லம்மா. குடத்துல எப்பப் புடிப்பீக?"

"முதல் தண்ணி. யார் கையும் படாதது."

ஒச்சாயி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. "நாலு நாளா குழா காலியாக் கெடக்கும்மா. பழைய குழா. சாக்கடைய ஒட்டித்தான் போகுது. விரிசல் வழியா ஊறுனதெல்லாம் உள்ள தங்கிக் கெடக்கும். தண்ணி திறந்ததும் அம்புட்டையும் தள்ளிக்கிட்டு மொதல்ல வாரது அதுதான். கை படாத தண்ணிதாம்மா, நான் இல்லங்கல. சாக்கடை பட்ட தண்ணி."

"வாயைக் கழுவு! நல்ல நாளும் அதுவுமா..."

"என்னையத் திட்டுங்கம்மா. பாப்பாவ மட்டும் ஒருக்கா வெளிச்சத்துக்கு வரச் சொல்லுங்க."

சத்தம் கேட்டு பவதாரிணியே வாசலுக்கு வந்தாள். ஒச்சாயி அவளை வெயிலில் நிறுத்தி, "மேல பாரு தாயி" என்று கண்ணுக்குக் கீழே லேசாக இழுத்துப் பார்த்தாள்.

"சோறு புடிக்குதா?"

"மூணு நாளா இல்ல. குமட்டுது. மசக்கை திரும்பி வந்திருக்குன்னு அம்மா சொன்னாங்க."

"ஏழு மாசம் முடியப் போகுது, இப்ப ஏது மசக்கை? ஒண்ணுக்குப் போறது எந்த நிறத்துல போகுது?"

பவதாரிணி தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "டீத்தண்ணி மாதிரி," என்றாள்.

ஹம்சவேணி கிட்டே வந்து பார்த்தாள். வெள்ளை விழியின் ஓரத்தில், மஞ்சள் கிழங்கை உரசிவிட்டுத் துடைத்ததுபோல ஒரு மங்கல். தினம் மூன்று வேளை அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். கூடத்து விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அது தெரியவில்லையா, தெரிந்தும் மனசு ஒப்புக்கொள்ளவில்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது. படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டாள்.

போன் போட்டதும் துளசிராம் கடையைப் பூட்டாமல்கூட ஓடிவந்தார். திருமங்கலம் பக்கம் காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், கைராசிக்காரர், முதலில் அங்கே போவோம் என்றார். வெளியே போகத் திரும்பியிருந்த ஒச்சாயி அப்படியே குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாண்ணே. உங்களுக்கு எனக்குன்னா பச்சிலை குடிச்சுட்டுப் படுத்துக் கெடப்போம். இது ரெண்டு உசிரு. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே போங்க. நான் ஆட்டோ புடிச்சாரேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். ஹம்சவேணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "தண்ணியால வர்ற காமாலைதான். மத்தவங்களுக்கு ஓய்வெடுத்தா போயிடும். கடைசி மாசங்கள்ல இருக்கிற பொண்ணுங்களுக்கு இதுல உயிர் ஆபத்து உண்டு. நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. நாலு நாள் கழிச்சு வந்திருந்தா நான் இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். யார் கண்டுபிடிச்சது?"

"எங்க தெருவுக்கு வர்ற..." என்று ஹம்சவேணி தொடங்கி நிறுத்தினாள். கொசுக்காரம்மா என்று சொல்ல நாக்கு கூசியது. வேறு பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். தினமும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் காமாலை அளவு ஏறியது என்றார்கள், மறுநாள் அப்படியே நிற்கிறது என்றார்கள். குழந்தையின் துடிப்பைக் கேட்க நர்ஸ் வரும்போதெல்லாம் ஹம்சவேணி வராந்தாவுக்கு வந்துவிடுவாள். அந்தச் சத்தம் நின்றிருந்தால் அதைத் தன் காதால் கேட்கக் கூடாது என்ற பயம். மூன்று தடவை உள்ளங்கையில் ஊற்றியது நினைவுக்கு வரும். இந்தக் கையாலேயே ஊற்றினேனே என்று கையை மடியில் ஒளித்து வைத்துக்கொள்வாள்.

நாலாம் நாள் மத்தியானம் ஒச்சாயி வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். தலையில் வெயில் அப்படியே இருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதால் வராந்தாவில் ஹம்சவேணிக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

"உன் பேர் என்னம்மா?" என்றாள் ஹம்சவேணி. கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"ஒச்சாயி. கீழக்குயில்குடி. அட்டையில எழுதித்தானம்மா வச்சிருக்கேன்."

"நீ எழுதுறது ஒரு கோடும் ரெண்டு புள்ளியும்தானே தெரியுது."

ஒச்சாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆறாப்போட நின்னுட்டேன். தம்பிகளத் தூக்கி வளக்கணும்ல. எழுத்து அந்த மட்டுக்குத்தான் வந்துச்சு." நாற்று நட்டது, செங்கல் சூளையில் மண் மிதித்தது, வீட்டுக்காரர் போன பிறகு மகளிர் குழுவில் சேர்ந்து இந்த வேலைக்கு வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டால் மட்டும் சொன்னாள்.

"அன்னிக்குச் செவ்வாய்க்கிழமையே சொல்ல வந்தேல்ல?"

"வந்தேன். வாய் வரல. சாமி காரியம், நான் யாரு சொல்றதுக்குன்னு போயிட்டேன். மூணு நாளா சோறு எறங்கல." வராந்தாவின் கடைசியில் வந்துகொண்டிருந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். "முன்னாடி வேற ஏரியாவுல பாத்தேம்மா. அங்க ஒரு புள்ள, எட்டு மாசம். வாராவாரம் அந்த வீட்டுக்குப் போவேன். டிரம்முல புழு இருக்கான்னு பாப்பேன். கையெழுத்துப் போடுவேன். வந்துருவேன். ஒரு வாரம் போறேன், வாசல்ல பந்தல் போட்டிருக்காக. வளைகாப்புன்னு நெனச்சு உள்ள போயிட்டேன். காமாலைன்னு அழுதாக." ஹம்சவேணி அந்த ஒரு முழ இடைவெளியைத் தாண்டிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஒச்சாயி சூப்பர்வைசரிடம் கெஞ்சி சோதனை மருந்து போட்ட இரண்டு சின்னப் பாட்டில்கள் வாங்கி வந்தாள். தண்ணீர் கெட்டிருந்தால் கறுத்துவிடுமாம். தண்ணீர் திறந்து விடுகிற சிவபாண்டி முன்னிலையில், துளசிராமே ஒன்றில் முதல் தண்ணீரையும், மற்றொன்றில் மோட்டார் எதுவும் போடாமல் அரைமணி நேரம் ஓடவிட்ட பின் வந்ததையும் பிடித்து வாசல் மேடையில் வைத்தார். மறுநாள் தெருவே வந்து பார்த்தது. இரண்டாவது பாட்டில் பிடித்தபடியே இருந்தது. முதல் பாட்டில் மை ஊற்றியதுபோல் கறுத்துக் கிடந்தது.

"எங்க மேல பாயாதீக," என்றான் சிவபாண்டி. "குழா விரிஞ்சிருக்கு, வாஸ்தவம். ஆனா நான் திறக்க முன்னாடி வீட்டுக்கு வீடு மோட்டாரப் போட்டு உறிஞ்சுறீகளே, அது எங்கிட்டு இருந்து இழுக்கும்? பக்கத்துல என்ன ஓடுதோ அதையும் சேத்துத்தான் இழுக்கும். ஏன் மாடி வீட்டண்ணே, நான் சொல்றது சரிதானே?"

மாடி வீட்டுக்காரர் அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை. தெருவே சேர்ந்து மனு எழுதியது. முதல் கையெழுத்து துளசிராம். பத்து நாளில் தெருவைத் தோண்டினார்கள். சாக்கடைக்குள்ளேயே முங்கிக் கிடந்த பத்தடிக் குழாயை எடுத்துப் போட்டபோது, அதிலிருந்த ஓட்டையில் இரண்டு விரல் போகும். ஹம்சவேணி அதை நின்று பார்த்தாள். வெள்ளைத் துணியை எட்டாக மடித்திருந்தாலும் அது தடுத்திருக்காது.

பவதாரிணியின் காமாலை அளவு ஒன்பதாம் நாளிலிருந்து இறங்கியது. வீடு வந்தாள், உப்புச் சப்பில்லாத சாப்பாட்டுக்கு முகம் சுளித்தாள், அம்மாவோடு சண்டை போட்டாள். அந்தச் சண்டை ஹம்சவேணிக்குத் திருநாள் மாதிரி இருந்தது. ஒன்பது மாதம் நிறைய ஒரு வாரம் இருக்கையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே கால் கிலோ. எடை குறைவுதான். ஆனால் அழுத அழுகைக்கு வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சேலை, வெற்றிலை பாக்கு, பழம் என்று தட்டில் வைத்து ஹம்சவேணி கொடுக்கப்போனாள். ஒச்சாயி பழத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் தள்ளினாள்.

"சேலை இருக்கும்மா. எனக்கு ஒண்ணு செய்வீகளா? அடுத்த தெருவுல இன்னும் குழா மாத்தல. ரெண்டு பேருக்குக் காமாலைன்னு சொல்றாக. அங்க பாதி வீடு பூஜை வீடு. கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறாக, தீர்த்தம் மட்டும் பச்சத்தண்ணி. நான் சொன்னா வாசலோட அனுப்பிருவாக. உங்க வாயால சொன்னா கேப்பாக."

ஹம்சவேணி தட்டைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் நடந்ததை வீதியில் சொல்வதா என்று ஒரு நிமிடம் மனசு சுருங்கியது. உள்ளே குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்தது.

"தீட்டுக் கழியட்டும். மறுநாள் காலையில வா. போவோம்."

சொன்னபடி போனார்கள். முதல் வீடு சாவித்ரி மாமியுடையது. அவர் கணவர் பஞ்சாபகேசன் கோயில் கைங்கரியம் செய்கிறவர். காலையில் அவர் வீட்டுப் படியேறித் தீர்த்தம் வாங்கிப்போக இருபது பேராவது வருவார்கள். ஒச்சாயி வழக்கம்போல் கீழ்ப்படியில் நின்றுகொண்டாள். ஹம்சவேணி மேலேறி, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மாமி, நான் என் பொண்ணுக்குத் தினமும் தீர்த்தம்னு சாக்கடையக் கொடுத்திருக்கேன். மடியாப் பிடிச்ச முதல் தண்ணி. அவளும் பேத்தியும் பிழைச்சது இந்த ஒச்சாயி பண்ணின புண்ணியம். உங்க தெருக் குழாயும் அதே குழாய்தான்."

கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் தன் வீட்டுச் சுத்தத்தைப் பற்றி அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாவித்ரி மாமி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "கஷ்டம், கஷ்டம். அதுக்காக அடுப்பேத்தின ஜலத்தையா பகவானுக்கு வெக்கறது? எந்த ஊர்ல நடக்கும்? என்ன பேசறே நீ?"

ஹம்சவேணியே அன்றைக்கு ஒச்சாயியிடம் அதைத்தான் கேட்டாள். பெருமாளுக்கு வைத்ததைத் துளசிச்செடிக்கு ஊற்றிவிட்டு, மனிதர்களுக்குத் தனியாகக் கொடுக்கிறேன் என்று சொல்லலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தாள். அப்போது கீழ்ப்படியிலிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் தெருவுக்குக் கேட்டது.

"பாலக் காச்சித்தானம்மா சாமிக்கு வைக்கிறீக?"

சாவித்ரி மாமி ஒச்சாயியை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

"ஏன்னா, காதுல விழறதா? அந்தத் தீர்த்தத்தை யாருக்கும் குடுத்துடாதேள்! நான் வந்து சொல்றேன்!"

உள்ளேயிருந்து, "அஞ்சு பேருக்குக் குடுத்தாச்சேடி!" என்று பதில் வந்தது.

"யார் யாருன்னு சொல்லுங்கோ!"

ஹம்சவேணி கீழே இறங்கி ஒச்சாயியின் தோளைத் தொட்டாள். அந்த ஐந்து பெயர்களையும் கேட்டுக்கொண்டு, வீடு எது எது என்று ஒச்சாயி வழிசொல்ல, இருவரும் வேகமாக நடந்தார்கள்.